விழுந்த நட்டு போகும் திசை

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில், அனுமந்தன்பட்டி தாண்டியதும் நீலத் தகரம் வேய்ந்த ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருக்கும். அதை நின்று படித்தவர் யாரும் இல்லை. 'ஆட்டோமேட்டிக் பாய் கடை' என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும். பாயின் பெயர் ஹக்கீம், வயது ஐம்பத்திரண்டு. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி எது தகராறு செய்தாலும், தேனி மாவட்டத்தில் பாதிப் பேர் மதுரைக்குப் போகுமுன் அவரிடம்தான் வருவார்கள்.

இருபது வயதில் குமுளியில் ஏலத் தோட்டத்து ஜீப்புகளுக்கு அடியில் படுத்துத் தொழில் பழகியவர். பிறகு பதினோரு வருஷம் ஷார்ஜா. அங்கே ஒரு பட்டறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே வேலை. எல்லோரும் தங்கம் கொண்டுவந்தால் நம்ம மச்சான் ஒரு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருடைய மனைவியின் அண்ணன் தம்பிகள் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். அந்த ஸ்கேனர்தான் அவருக்குச் சோறு போட்டது.

கை சுத்தமான தொழிலாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். வாடிக்கையாளர் சிரிக்காமல் வண்டியை எடுத்துப் போனால் ஹக்கீமுக்கு வேலை பாதியில் நின்ற மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்றைச் சொல்லி ஆளைச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவார்.

மனைவி லத்திபாவுக்குப் பிறந்த ஊர் குமுளி. நாற்பது வயதுக்கு மேல் லைசென்ஸ் எடுத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு மலையேறி, அத்தா என்று கூப்பிடும் தகப்பனாரைப் பார்த்துவிட்டு வருவார். கொஞ்ச காலமாகப் பஸ்ஸில் போய் வருகிறார். ஏன் என்று ஹக்கீம் ஒருமுறை கேட்டார். பஸ்ஸில் போனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம் என்றார் லத்திபா. நியாயமான காரணமாகத்தான் தோன்றியது. வாசலில் சும்மா நிற்கும் காரின் பேட்டரி கெட்டுவிடக் கூடாதே என்று ஹக்கீம் வாரம் ஒருமுறை அதை ஸ்டார்ட் செய்து நிறுத்துவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒர்க்‌ஷாப்புக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வடிந்த கையோடு கொத்தனார் ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டுத் தரையைப் பெயர்த்துப் புதிதாகக் கான்கிரீட் போடச் சொன்னார் ஹக்கீம்.

"ஒரு சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. பின்னாடி வாய்க்காப் பக்கமா நல்லா வாட்டம் குடுத்துரு."

ஈஸ்வரபாண்டி வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்காத ஆள். வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது நேரே பின்சுவருக்கு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. தண்ணீர் மட்டுமா? கை தவறி விழுந்த நட்டு, போல்டு, வாஷர் எல்லாமே உருண்டும் சறுக்கியும் அந்தப் பக்கம்தான் போயின. ஹக்கீம் சாக்கடை வாயில் ஒரு கம்பிவலையை அடித்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கடையில் எந்தச் சாமானும் காணாமல் போனதில்லை. "எங்கன விழுந்தாலும் அங்கன வந்து நிக்கும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு போல்டை உருட்டிவிட்டுக் காட்டுவார். கம்பம் பள்ளத்தாக்கில் வேறு எந்த மெக்கானிக்குக்கும் இல்லாத வசதி என்று அவருக்கு அதில் தனிப் பெருமை.

போன ஆவணியில் கர்ணன் தன் வெள்ளை வண்டியைக் கொண்டுவந்தார். கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. ஆறு மாதத்துக்கு முன்பு அதற்குக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிக் கொடுத்தவரே ஹக்கீம்தான்.

"என் வீட்டுக்காரி ஓட்டுனா உதைக்குதுங்கிறா பாய். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, பின்னாடி யாரோ வந்து மோதுன மாதிரி இருக்காம். தேனிக்கு நான்தான் தெனம் ஓட்டுறேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. என்னண்டு பாருங்க."

ஹக்கீம் ஸ்கேனரை மாட்டினார். ஒரு பிழையும் காட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சின்னமனூர் வரை போய்த் திரும்பினார். மேடே இல்லாத சமமான சாலை. கியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறியதே தெரியவில்லை. இறங்கிச் சாவியை நீட்டியபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. ஓட்டுற கையில இருக்கு."

புதிதாக யோசித்துச் சொன்னதல்ல அது. சொந்தக்காரர்கள் நடுவில் முன்பே ஒருமுறை சொல்லி நன்றாகச் சிரிப்பு வாங்கிய வார்த்தை. கர்ணனும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்ததோடு நிற்காமல் அதை மண்டிக்கும் கொண்டுபோனார். ஒரு வாரத்தில் அங்கே அது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. தராசு சரியாக நிற்காவிட்டாலும், போன் சிக்னல் கிடைக்காவிட்டாலும், யாராவது ஒருவர் "ஓட்டுற கையில இருக்குப்பா" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சிரிக்காத ஒருத்தர் கர்ணனின் மனைவி ஹேமாவதி. மலைமேல் கம்பம்மெட்டுக்கு அப்பால் அவருக்கு அப்பா வீட்டுச் சீராக வந்த ஐந்து ஏக்கர் ஏலத் தோட்டம் உண்டு. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்ததை மூன்று வருஷமாக அவர்தான் வாரத்தில் நான்கு நாள் வண்டியோட்டிப் போய், பட்ட செடியைப் பிடுங்கிப் புதுச் செடி வைத்துக் காய்ப்புக்குக் கொண்டுவந்திருந்தார். இந்த வருஷம்தான் முதல் நல்ல பறிப்பு. கர்ணனுக்கு மனைவி மலையேறுவதில் ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை. ஆனால் மறுக்க ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. அதை ஹக்கீம் அவர் கையில் கொடுத்துவிட்டார். "மெக்கானிக்கே சொல்லிட்டாக. கியர்பாக்ஸ் போச்சுண்டா வண்டியே போச்சு" என்று சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று ஆளும் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை வெள்ளை வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஹேமாவதி. என்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"பாய், ஏறுங்க."

"அண்ணன் வரலையாம்மா?"

"அவுக மதுரைக்குப் போயிருக்காக. பீரோவுல மாத்துச் சாவி இருந்துச்சு. நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. சின்னமனூர் ரோட்டுல இல்ல, கம்பம்மெட்டுல."

ஹக்கீம் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். பெண்பிள்ளை எங்கே தப்பாக மிதிக்கிறது என்று கண்டுபிடித்துப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் நினைப்பு. கம்பம் தாண்டி ஏற்றம் தொடங்கும்வரை அவர் கண் ஹேமாவதியின் காலிலேயே இருந்தது. அந்தக் கால் ஒரு குறையும் சொல்ல முடியாத கால். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைந்த பிறகு நிதானமாக மிதித்தது. முதல் மூன்று கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றுமில்லாமல் கடந்தன. நான்காவதில் என்ஜின் திடீரென்று வெறுமனே கத்தியது. அடுத்த நொடி வண்டி ஓங்கி ஒரு உதை உதைத்தது. ஸ்கேனர் மடியிலிருந்து கீழே விழுந்தது.

ஹேமாவதி திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்த வளைவுலயும் வரும்" என்றார்.

வந்தது. ஹக்கீம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்து தானே ஓட்டினார். ஷார்ஜாவில் கற்ற வித்தை அத்தனையும் காலில் வைத்து ஓட்டினார். அவருக்கும் அதே உதை. முன்னதைவிடச் சற்றுப் பலமாகவே விழுந்தது.

"இப்ப யாரு கை பாய்?" என்றார் ஹேமாவதி.

ஹக்கீம் அடுத்த அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பினார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் வண்டியைக் குழியின்மேல் நிறுத்தினார். என்ஜின் எகிறிவிட்டுப் பிறகு கியர் விழுகிறது என்றால், உள்ளே ஆயில் அழுத்தம் ஒரு கணம் விட்டுப் போகிறது என்று பொருள். ஆயில் குறைந்தால் அப்படி ஆகும். மேட்டில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, உள்ளே இருக்கும் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆயில் மட்டம். இந்தக் கியர்பாக்ஸுக்கு அளவுகோல் குச்சி கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் இருக்கும் சின்ன போல்டைக் கழற்ற வேண்டும். அந்தத் துளை வழியாக ஆயில் லேசாகச் சொட்டினால் அளவு சரி. சொட்டாவிட்டால் குறைவு.

மலையேறிய சூடு தணியக் காத்திருந்தார்கள். ஹேமாவதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாங்கிவைத்த டீயைத் தொடாமல் இருந்தார். சூடு சரியாக வந்ததும் ஹக்கீம் குழிக்குள் இறங்கி போல்டைக் கழற்றினார். ஆயில் அழகாகச் சொட்டியது.

"ஆயிலு சரியாத்தான் இருக்கும்மா" என்றார் குழிக்குள்ளிருந்து. "அப்ப உள்ள வால்வுலதான் கோளாறு. பாக்ஸ எறக்கிக் கொச்சிக்கு அனுப்பணும். பத்து நாளு ஆகும்."

"திங்கக்கிழமை குத்தகைக்காரக வந்துருவாக பாய்" என்றார் ஹேமாவதி. கெஞ்சலாகச் சொல்லவில்லை. நாள் இன்னதென்று தெரிவிக்கும் குரலில் சொன்னார்.

ஹக்கீம் மேலேறி வந்தார். எண்ணெய்க் கையிலிருந்த போல்டு வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் குனியக்கூட இல்லை. இரண்டு வருஷப் பழக்கம். அது எங்கே போகும் என்று தெரியும். போல்டு வண்டிக்கு அடியில் புகுந்து, குழியின் ஓரமாக உருண்டு, மறுபக்கம் வெளிவந்து, கம்பிவலையில் 'டிங்' என்று நின்றது. நிதானமாக நடந்துபோய் அதை எடுத்தார்.

எடுத்தவர் திரும்பவில்லை. வலைக்கும் வண்டிக்கும் நடுவில் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

ஆயில் மட்டம் பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஷார்ஜாவில் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அதை அவர் மறக்கவே இல்லை. சுவருக்குள் நான்கு சக்கரமும் கான்கிரீட்டில் நின்றால் அது சமதளம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆயில் கூடும். துளையும் அந்தப் பக்கமே இருந்தால், வேண்டிய ஆயிலும் சேர்ந்து சொட்டி வெளியே போய்விடும். ஆறு மாதத்துக்கு முன்பு அவர் பார்வையிலேயே, அவர் பிடித்த பாத்திரத்திலேயே, அந்த ஆயில் சொட்டியிருக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போல்டை உருட்டிக் காட்டியவருக்கு, அது ஏன் உருளுகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஈஸ்வரபாண்டி மறந்துவிட்டுப் போன ரசமட்டம் அலமாரியில் கிடந்தது. தரையில் வைத்தார். உள்ளிருந்த குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. பலகைகளைக் கொண்டுவந்து தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை வண்டியை உயர்த்தினார். மறுபடி துளையைப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. ஆயில் ஊற்றினார். முக்கால் லிட்டருக்கு மேல் குடித்துவிட்டுத்தான் வண்டி சொட்டத் தொடங்கியது.

மறுபடி இருவரும் கம்பம்மெட்டு ஏறினார்கள். ஹேமாவதி ஓட்டினார். நான்காவது வளைவும் ஐந்தாவது வளைவும் வந்து போயின. உச்சிவரை போய்த் திரும்பினார்கள். கியர் மாறியது ஸ்கேனரில் மட்டும் தெரிந்தது.

இறக்கத்தில் வரும்போது ஹக்கீமின் மனது வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வால்வில் அழுக்கு அடைத்திருந்தது, சுத்தம் செய்துவிட்டேன் என்று கர்ணனிடம் சொல்லிவிடலாம். பொய்யென்று யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வண்டியும் சரியாகிவிட்டது. ஆனால் கர்ணன் அடுத்து என்ன கேட்பார் என்றும் அவருக்குத் தெரியும். அழுக்கு எப்படி பாய் வந்துச்சு, அவ ஓட்டுனதுனாலயா?

"தப்பு என்மேலதான்மா" என்றார். தரையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். "வீட்டுல அண்ணன்ட்ட சொல்லிருங்க."

ஹேமாவதிக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. "ஓட்டுற கையின்னு யாருட்ட சொன்னீக? அவுகட்டத்தான? அவுக மண்டி பூராம் சொன்னாக. அந்த வழியாவே நீங்களும் போயிச் சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

கர்ணன் வெள்ளிக்கிழமை திரும்பினார். சனிக்கிழமை காலை ஹக்கீம் மண்டிக்குப் போனார். வாழைத்தார்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று கால் ஒருமுறை தயங்கியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"அண்ணே, உங்க வண்டியில தப்பு இருந்துச்சு. அந்தத் தப்ப வச்சதும் நான்தான். ஏங் கடைத் தரை கோணல். அதுல நிறுத்தி ஆயிலு பாத்ததுல முக்கா லிட்டரு கொறச்சலாப் போச்சு. மேட்டுல ஏறுறவுகளுக்கு மட்டுந்தான் அது தெரியும். நீங்க மேட்டுப்பக்கமே போகல, நானும் போகல. போனவுக சொன்னத நம்ம கேக்கல."

சுமை தூக்குகிற ஒருவர் தாரைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டார்: "அப்ப ஓட்டுற கை, பாய்?"

"அந்தக் கையில ஒரு குத்தமும் இல்ல. எங்க எல்லாத்தவிடவும் நல்ல கை."

யாரும் சிரிக்கவில்லை. கர்ணனின் முகம் சுண்டிப்போனது. வருத்தம் தெரிவிக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. "குத்தகைக்காரருட்ட வாக்குக் குடுத்துட்டேனே" என்று முனகினார். "போன்ல சொல்லிட்டாப் போச்சு" என்றார் தார் இறக்கியவர். கர்ணன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஹக்கீமிடம் நீட்டினார். "போற வழியில வீட்டுல குடுத்துருங்க பாய். எனக்கு மண்டிய விட்டு நகர முடியல." அப்போது அவருக்கு அங்கே இருந்த வேலை காதைக் குடைவதுதான்.

சாவியைக் கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நோட்டை எடுத்தார் ஹக்கீம். புதுத் தரை போட்ட பிறகு இந்த மாதிரி கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றிய வண்டிகள் மொத்தம் பதினொன்று. கடைசியிலிருந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். பெரியகுளத்துக்காரர் மறுநாளே வருவதாகச் சொன்னார். மயிலாடும்பாறைக்காரர், "ஆமா பாய், லேசா உதைக்கும், ரோடு சரியில்லண்டு நெனச்சோம்" என்றார். போடியில் ஒருவர் தன் மருமகளைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டு ஹக்கீம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பத்துப் பேர் முடிந்தது. மேலே முதல் வரி மிச்சமிருந்தது. தரை காய்ந்த மறுவாரம், குழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதன்முதலில் ஏற்றிய வண்டி. அந்த வரியில் போன் நம்பர் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அது அவருடைய வீட்டு வாசலில் நிற்கும் கார்.

மத்தியானம் வீட்டிலிருந்து காரை எடுத்துப்போய்ச் சரிசெய்து, மாலை அஸர் தொழுகை முடிந்து அதை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். லத்திபா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒருக்கா, மேட்டுல காரு உதைக்குதுண்டு சொன்னியே" என்று தொடங்கினார் ஹக்கீம். "ஆயிலு கொறச்சலு. நான் ஊத்துனதுலதான் தப்பு. உன்மேல ஒண்ணும் இல்ல."

லத்திபா நிமிரவில்லை. "அந்த அம்மாவுக்காக மண்டியில போயி எல்லாத்துக்கும் முன்னாடி சொன்னீகளாமே."

"ஆமா."

"பெருநாளைக்கு எங்க அத்தா வீட்டுல, சாப்பாட்டுச் சகனைச் சுத்தி உக்காந்துக்கிட்டு, ஓட்டுற கையில இருக்குண்டு சொன்னீக. இருபத்தி மூணு பேரு சிரிச்சாக. நான் எண்ணுனேன்."

ஹக்கீமுக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருந்தது. மச்சான் நவாஸுக்குப் புரையேறி, முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்ததுகூட நினைவிருந்தது. அப்போது லத்திபா எங்கே நின்றார் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"போன் போட்டு நவாஸுட்ட சொல்லிர்றேன்" என்றார்.

லத்திபா கீரையை முறத்தோடு உள்ளே வைத்தார். கையைக் கழுவினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து கையை நீட்டினார். ஹக்கீம் சாவியைக் கொடுத்தார்.

"ஏறுங்க. அங்கன வந்து சொல்லுங்க."

பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறக்கப் போன ஹக்கீம், கையை இழுத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.